ஜேனட் கேயும் லண்டனின் காதல் ரெகேயும்

ஜமைக்கா முதலிய கரீபியத் தீவுகளிலிருந்து பிரிட்டனில் குடியேறியவர்களின் பிள்ளைகள், பெற்றோரின் ரெகே தாளத்தோடு அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் இசையைக் குழைத்து 1970களில் லண்டனில் உருவாக்கிய காதல் பாடல் வகை 'லவ்வர்ஸ் ராக்' எனப்படுகிறது. ஜமைக்க ரெகேயில் ஆண் குரல்களும் ரஸ்தாஃபாரி சமயக் கருத்துகளும் ஓங்கியிருந்த அக்காலத்தில், 1975இல் லூயிசா மார்க் என்னும் பதினைந்து வயதுச் சிறுமி பாடிய இசைத்தட்டு பெற்ற வரவேற்பு, இளம் பெண்கள் பலர் ஒலிப்பதிவுக் கூடங்களுக்குள் நுழைய வழிவகுத்தது.

அவ்வழியில் வந்தவர்களுள் தலையாயவர், 1958இல் லண்டனில் பிறந்த ஜேனட் கே. மூத்த ஜமைக்கப் பாடகரான ஆல்டன் எல்லிஸின் தயாரிப்பில் 1977இல் முதல் இசைத்தட்டை வெளியிட்ட அவருக்கு, 1979இல் வந்த 'சில்லி கேம்ஸ்' பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலின் இரண்டாம் இடத்தைப் பெற்றுத் தந்தது.

அப்பாடலை இயற்றித் தயாரித்த டென்னிஸ் பொவெல் பார்படோஸில் பிறந்தவர்; பெரும் ஒலிபெருக்கிகளும் இசைத்தட்டுகளும் கொண்டு நடன இரவுகளை நடத்தும் 'சவுண்ட் சிஸ்டம்' குழுவொன்றை வைத்திருந்தவர். 1974இல் அத்தகைய இரவொன்றில் காவல்துறை புகுந்ததைத் தொடர்ந்து சிறைப்பட்டு, மேல்முறையீட்டில் விடுதலையான அவருடைய வாழ்க்கையை நோக்கும்போது, லவ்வர்ஸ் ராக்கை அரசியலற்ற மென்மைப் பாடல் என்று சிலர் ஒதுக்கியது பெரும் பிழை என்றே கொள்ள வேண்டும். நகரின் கேளிக்கை விடுதிகள் பலவற்றில் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்ட இளைஞர்கள் வீடுகளில் கூடி ஆடியபோது, கறுப்பினப் பெண்ணின் விருப்பமும் தயக்கமும் அவள் குரலிலேயே ஒலித்தது அந்தப் பாடல்களில்தான். நடன அரங்கில் பெண்கள் தாமும் பாடிப் பார்க்க முயலட்டும் என்று கருதியே 'சில்லி கேம்ஸ்' பாடலில் பொவெல் அமைத்த மிக உயர்ந்த சுரத்தை, ஜேனட் கே சிறிதும் திணறலின்றி எட்டுகிறார்.

பின்னர் 1983 முதல் 1985 வரை சேனல் 4 ஒளிபரப்பிய 'நோ பிராப்ளம்!' என்னும் நகைச்சுவைத் தொடரில் நடித்த அவர், ஜப்பானிலும் பெரும் ரசிகர் கூட்டத்தைப் பெற்றார். ஸ்டீவ் மெக்குயின் 2020இல் இயக்கிய 'லவ்வர்ஸ் ராக்' திரைப்படத்தில், 1980ஆம் ஆண்டின் வீட்டு விருந்தொன்றில் இசைத்தட்டு நின்ற பிறகும் கூடியிருப்போர் விடாது பாடும் பாடலாக 'சில்லி கேம்ஸ்' இடம்பெறுகிறது. அக்கூட்டத்தினரிடையே பொவெலும் தோன்றுகிறார்.