நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர்?

பழைய கார் வைத்திருக்கும் இருவர் சந்தித்தால் நலம் விசாரிப்புக்கு அடுத்த கேள்வி, "என்ன மைலேஜ் கொடுக்குது?" என்பதுதான். மைல் கணக்கும் கேலன் கணக்கும் நம் நாட்டை விட்டுப் போய் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 1956-ல் வந்த எடை அளவுச் சட்டம் மெட்ரிக் முறையைக் கொண்டுவந்தது. அளவு மாறியது, சொல் மாறவில்லை. கிலோமீட்டரில் கணக்குச் சொல்லிவிட்டு அதையே மைலேஜ் என்கிறோம்.

பிரெஞ்சுக்காரர்கள் இந்தக் கேள்வியைத் தலைகீழாகக் கேட்பார்கள். ஒரு லிட்டரில் எவ்வளவு தூரம் ஓடும் என்று கேட்பதில்லை; நூறு கிலோமீட்டர் ஓட எத்தனை லிட்டர் குடிக்கும் என்று கேட்பார்கள். பிரெஞ்சுப் பள்ளியில் கணக்குப் படித்த எனக்கு இதுதான் இயல்பாக வரும். எப்படிச் சொன்னாலும் ஒன்றுதானே என்று தோன்றும். ஒன்றல்ல என்பதற்கு ஒரு சிறு கணக்கு.

லிட்டருக்கு 8 கிலோமீட்டர் ஓடும் பழைய காரைப் பழுது பார்த்து 10 ஆக்குகிறோம். லிட்டருக்கு 16 ஓடும் இன்னொரு கார் 20 ஆகிறது. எது பெரிய லாபம்? நாலு கூடிய கார்தான் என்று பலரும் சொல்வார்கள். நூறு கிலோமீட்டருக்கு மாற்றிப் பாருங்கள். முதல் கார் 12.5 லிட்டரிலிருந்து 10-க்கு இறங்குகிறது, மிச்சம் 2.5 லிட்டர். இரண்டாவது 6.25-லிருந்து 5-க்கு, மிச்சம் 1.25 லிட்டர்தான். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் லாரிக், ஜாக் சால் என்ற இருவர் 2008-ல் 'சயின்ஸ்' இதழில் இந்த மயக்கத்தைத்தான் எழுதினார்கள். அதிகம் குடிக்கிற வண்டியைச் சீர்செய்வதில்தான் அதிக லாபம். பழைய கார்க்காரர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் காலத்துக் கார்களில் பெட்ரோல் செலவுக்கு முதல் பொறுப்பு கார்புரேட்டர். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுப்பது அதன் வேலை. ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய, எடைக் கணக்கில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். நம் ஊர் அம்பாசிடரிலும் பத்மினியிலும் பலர் பார்த்த பெயர் சோலெக்ஸ். மோரிஸ் குதார், மார்செல் மெனெசோன் என்ற இரண்டு பிரெஞ்சுப் பொறியாளர்களின் நிறுவனம் அது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் வெலோசோலெக்ஸ் என்ற மோட்டார் வைத்த சைக்கிளை விற்றதும் அவர்கள்தான். சென்னையிலேயே சோலெக்ஸ் உரிமத்தில் கார்புரேட்டர்கள் தயாராயின.

கார்புரேட்டருக்குள் ஜெட் என்ற சின்னப் பித்தளைத் துண்டு இருக்கும். பிரெஞ்சில் ழிக்ளேர் என்பார்கள். அதன் நடுவே தலைமுடி நுழையும் அளவுக்கு ஒரு துளை. சோலெக்ஸ் ஜெட்டில் 115 என்று எண் போட்டிருந்தால் துளையின் விட்டம் 1.15 மில்லிமீட்டர். இவ்வளவு சிறிய துளையை அளப்பதே ஒரு சிக்கல். காற்றை அழுத்தத்தோடு செலுத்தி, அது எவ்வளவு தடைபடுகிறது என்று பார்த்துத் துளையை அளக்கும் கருவியை மெனெசோன் உருவாக்கினார். பிறகு அந்த முறை மற்றத் தொழிற்சாலைகளுக்கும் பரவியது. இத்தனை கவனமாகச் செய்த ஜெட்டை, அடைத்துக்கொண்டது என்று இரும்புக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்யும் பழக்கம் நம் ஊரில் இருந்தது. 1.15 மில்லிமீட்டர் துளை 1.20 ஆனால் பரப்பு ஏறக்குறைய 9 சதவீதம் கூடும். கண்ணுக்குத் தெரியாத தேய்மானம். ஆனால் பெட்ரோல் பங்கில் தெரிந்துவிடும்.

1973 வரை இதையெல்லாம் அதிகம் பேர் பொருட்படுத்தவில்லை. அந்த அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பீப்பாய் சுமார் 3 டாலராக இருந்த கச்சா எண்ணெய் 1974 ஜனவரியில் 11 டாலரைத் தாண்டியது. பிரான்ஸ் 1973 டிசம்பரிலேயே சாலைகளில் வேகக் கட்டுப்பாடு விதித்தது. "எங்களிடம் எண்ணெய் இல்லை, யோசனைகள் உண்டு" என்பது அந்தக் காலத்து அரசு விளம்பரம். அங்கே கார் விளம்பரங்களில் மூன்று எண்கள் வரத் தொடங்கின: மணிக்கு 90 கிலோமீட்டரில் எத்தனை லிட்டர், 120-ல் எத்தனை லிட்டர், நகரத்துக்குள் எத்தனை லிட்டர். 1980-ல் ஐரோப்பியச் சமூகமும் இதற்கு ஒரு பொது உத்தரவு போட்டது. இந்தியாவில் 1978-ல் பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகம் தொடங்கியது. டயரில் காற்றுச் சரிபாருங்கள், சிக்னலில் எஞ்சினை நிறுத்துங்கள் என்று அது சொன்னதைத்தான் இன்றும் பங்குகளில் படிக்கிறோம்.

அந்த மூன்று எண்களில் ஒரு பெரிய விஷயம் அடங்கியிருக்கிறது. ஒரே கார் மூன்று விதமாகக் குடிக்கும். மொத்தமாக ஒரு எண்ணை வைத்துக்கொண்டு நோயைக் கண்டுபிடிக்க முடியாது. பிரித்துப் பார்த்தால் கணக்கே நோயைச் சொல்லும். இதை நான் நேரில் பார்த்தேன்.

1980களின் தொடக்கத்தில் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் காரின் லாக் புக் என் மேசைக்கு வரும். லிட்டருக்கு 9-ஐ ஒட்டி ஓடிக்கொண்டிருந்த வண்டி 7-க்கும் கீழே வந்துவிட்டது. 1979-ல் இரண்டாவது முறையாக எண்ணெய் விலை ஏறியிருந்த நேரம். தணிக்கையில் கேள்வி வந்தது. ஓட்டுநர் பெட்ரோலை விற்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். சம்பளத்தில் பிடித்தம் செய்ய மெமோ தயாரானது. மூன்று பெண் பிள்ளைகளின் தகப்பன் அவர். என் மேசை முன்னால் நின்று, "சார், என் கையால ஒரு சொட்டு வெளிய போகல. வண்டிதான் குடிக்குது" என்றார். மெக்கானிக் கார்புரேட்டரைத் திறந்து பார்த்து ஒன்றும் இல்லை என்று சொல்லியிருந்தார்.

லாக் புக்கில் எல்லாப் பயணமும் இருக்கிறது. முந்தைய ஆண்டின் அதே மாதத்தையும் இந்த மாதத்தையும் எடுத்து, சென்னைப் பயணம் தனி, ஊருக்குள் ஓட்டம் தனி என்று பிரித்தேன். இரண்டு மாதத்திலும் தூரம் ஏறக்குறைய ஒன்றுதான்: சென்னை போய் வர 320 கிலோமீட்டர், ஊருக்குள் 280. சென்னைக்கு முன்பு 35 லிட்டர், இப்போது 36. ஊருக்குள் முன்பு 33 லிட்டர், இப்போது 52! நூறு கிலோமீட்டர் கணக்கில், நெடுஞ்சாலையில் 11, ஊருக்குள் 18-க்கும் மேல்.

இது மட்டும் அவரைக் காப்பாற்றாது. ஊருக்குள் ஓட்டும்போதும் திருடலாமே. அதனால், டாங்க் நிரப்பி, வேறோர் ஓட்டுநரைக் கொண்டு மூன்று நாள் ஊருக்குள் ஓட்டிப் பார்த்து, மறுபடி நிரப்பி அளக்கலாம் என்று குறிப்பு எழுதினேன். அதிகாரி ஒப்புதல் கொடுத்தார். வேறு ஆள் ஓட்டியும் அதே 18 தான் வந்தது. ஆக, ஆள் காரணமில்லை என்று ஆனது. நெடுஞ்சாலையில் சரியாக இருப்பதால் மெயின் ஜெட்டும் பிரேக்கும் காரணமில்லை. மெதுவாக ஓடும்போதும் நின்றுகொண்டிருக்கும்போதும் மட்டும் வேலை செய்வது எது?

கிடைத்தது ஒரு துருப்பிடித்த கம்பி. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப அந்தக் கார்புரேட்டரில் ஸ்டார்ட்டர் என்று தனி அமைப்பு உண்டு. பேச்சு வழக்கில் சோக். டாஷ்போர்டில் குமிழை முழுவதும் உள்ளே தள்ளினாலும், கம்பி துருவில் சிக்கி, கார்புரேட்டர் பக்கம் நெம்புகோல் கடைசிவரை திரும்பவில்லை. ஐடிலிங்கில் எஞ்சின் பலமாக உறிஞ்சும்போது அந்த வழியாகப் பெட்ரோல் அதிகம் போகும். ஆக்சிலேட்டரை நன்றாக அழுத்தி ஓட்டும்போது உறிஞ்சல் குறைவதால் அது பெரிதாகத் தெரியாது. கார்புரேட்டரைக் கழற்றி மேசையில் வைத்துப் பார்த்த மெக்கானிக்குக் குறை தெரியாமல் போனதும் இதனால்தான். குறை அதற்கு வெளியே கம்பியில் இருந்தது. புதுக் கம்பி போட்டதும் அடுத்த மாதக் கணக்கு பழையபடி வந்தது. மெமோ கைவிடப்பட்டது. அவர் பணி ஓய்வு பெறும்வரை அதே வண்டியை ஓட்டினார்.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பையில் பணத்தோடு மெக்கானிக்கிடம் போவதற்கு முன், ஒரு மாதம் நோட்டில் எழுதுங்கள். டாங்க் நிறைய நிரப்பி, ஓட்டி, மறுபடி அதே அளவுக்கு நிரப்பிக் கணக்கிடுங்கள். ஊர் ஓட்டம் தனி, வெளியூர் தனி.

இரண்டிலும் கூடியிருந்தால் உருளுவதில் தடை இருக்கலாம். சமதளத்தில் நியூட்ரலில் விட்டால் வண்டி சீக்கிரம் நிற்கிறதா? ஓட்டிவிட்டு வந்து நான்கு சக்கரங்களின் அருகே கையை வைத்துப் பாருங்கள்; தொட்டுவிட வேண்டாம். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. டயர் காற்றும் பாருங்கள். பெரிய அளவு டயர் மாற்றியிருந்தால் மீட்டர் குறைவாகக் காட்டும்; பெட்ரோல் செலவு கூடாமலே கூடியதுபோல் தெரியும். ஊருக்குள் மட்டும் கூடியிருந்தால் சோக், ஐடிலிங், ஓவர்ஃப்ளோ. நிறுத்தி வைத்தாலே குறைந்தால் ஒழுக்கு. ஆயில் அளவு ஏறி அதில் பெட்ரோல் வாடை வந்தால், பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம். அப்படியே ஓட்டினால் எஞ்சின் போய்விடும். பிளக் காய்ந்த கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பசையாக இருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வோ தேய்ந்திருக்கிறது.

2000-ஐ ஒட்டி நம் கார்களிலிருந்து கார்புரேட்டர் விடைபெற்றது. 1976-ல் வால்வோ காரில் முதலில் வந்த ஆக்சிஜன் சென்சார், புகையை முகர்ந்து கலவையைத் தானே திருத்துகிறது. இன்றைய மெக்கானிக் கணினியைச் செருகிப் பார்க்கிறார். ஆனால் பிடித்துக்கொண்ட பிரேக்கும் காற்று இறங்கிய டயரும் பல கார்களில் அந்தத் திரையில் தெரிவதில்லை.

இப்போது பெட்ரோலோடு 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. அதனால் பழைய கார்களில் ஆறு, ஏழு சதவீதம் அதிகம் செலவாவது நோயல்ல. கலப்பில்லாத பெட்ரோலில் 10 லிட்டர் குடித்த வண்டி இப்போது 10.7 குடித்தால் யாரையும் குறை சொல்ல வேண்டாம். 13 குடித்தால் நோட்டைத் திறங்கள். வண்டியையும் ஓட்டுகிறவரையும் சந்தேகிப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.