ஆமானின் தூக்குமரமும் மஸ்ஜித் ஸ்டேஷனும்

ஐரோலியில் ஏறி, தாணேயில் மாறி, ஸ்லோ லோக்கலில் போனால் சி.எஸ்.எம்.டி.க்கு முந்தைய ஸ்டேஷன் மஸ்ஜித். பக்கத்தில் ஏதோ மசூதி இருக்கிறது போல என்றுதான் பல வருஷம் நினைத்திருந்தேன். அருகே சாமுவேல் தெருவில் இருக்கும் யூதர்களின் ஜெப ஆலயத்தைத்தான் அந்தக் காலத்தில் 'ஜூனி மஸ்ஜித்' (பழைய மசூதி) என்பார்களாம். ஸ்டேஷனுக்குப் பெயர் அதிலிருந்து வந்தது என்கிறார்கள்.

அதைக் கட்டியவர் கதைக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன் ஒரு பழைய கதை.

எபிரேய வேதத்தில் எஸ்தர் என்று ஒரு சின்னப் புத்தகம். பாரசீக ராஜா அகாஸ்வேருவின் மந்திரி ஆமான். மொர்தெகாய் என்ற யூதர் தன்னை வணங்கவில்லை என்று கோபம். அவரை மட்டும் தண்டித்தால் போதாதாம், இனத்தையே அழிக்க வேண்டுமாம்! கஜானாவுக்கு 10,000 தாலந்து வெள்ளி தருவதாகச் சொல்லி, சீட்டுப் போட்டு நாள் குறித்து, ராஜமுத்திரையோடு ஆணையும் வாங்கிவிட்டான். மொர்தெகாய்க்கென்றே 50 முழத்தில் தூக்குமரமும் தயார்.

அன்று ராத்திரி ராஜாவுக்குத் தூக்கம் வரவில்லை. அரண்மனைக் குறிப்பேட்டைப் படிக்கச் சொல்கிறான். ராஜாவைக் கொல்ல நடந்த சதியை முன்பு மொர்தெகாய் காட்டிக்கொடுத்தது அதில் பதிவாகியிருக்கிறது. 'இவருக்கு என்ன செய்தோம்?' 'ஒன்றும் செய்யவில்லை.' எங்கள் பாஷையில் சொன்னால், பாக்கி நிற்கும் என்ட்ரி!

இதற்கு முன்பே எஸ்தர் ராணி, கூப்பிடாமல் ராஜா முன் போனால் தலை போகும் என்று தெரிந்தும் போயிருந்தாள். அவள் வைத்த விருந்தில் உண்மை வெளியே வந்தது. ஆமான் தொங்கியது அவனே நட்ட மரத்தில். கெடுவான் கேடு நினைப்பான் என்று நம் பாட்டிமார் சொல்வது இதைத்தான்.

இது அப்படியே நடந்ததா என்றால் ஆய்வாளர்கள் பலர் இல்லை என்கிறார்கள். எனக்கு வியப்பு வேறு. எபிரேய மூலத்தில் கடவுளின் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. தெய்வ நீதி என்று நாம் சொல்லும் கதையில் கண்ணுக்குத் தெரிவது ஒரு குறிப்பேடும் வாய் திறந்த ஒரு பெண்ணும்தான்.

முன்பு நான் இருந்த ஒரு கிளையில் கேஷியர் ஒருவர் மேல் பழி விழுந்தது. பழைய ரெஜிஸ்டரில் இருந்த ஒரே ஒரு வரி அவரைக் காப்பாற்றியது. ஆனால் 'அதை எடுத்துப் பாருங்கள்' என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் நாலு மாசம் தைரியம் வரவில்லை. எனக்கும்தான்.

சரி, சாமுவேல் தெருவுக்கு வருவோம். கொங்கண் கரையின் பெனே இஸ்ரேல் யூதர்கள் பூரிம் பண்டிகையை 'ஹோளிச்சா சண்' என்றே அழைத்தார்கள். அவர்களில் ஒருவர் சாமுவேல் திவேகர், கம்பெனிப் படை அதிகாரி. 1780-84 மைசூர்ப் போரில் திப்புவிடம் சிக்கினார். வழிவழியாகச் சொல்லப்படும் கதை இது: மரண தண்டனைக்கு முன் 'நீங்கள் யார்?' என்று விசாரித்தார்கள். பெனே இஸ்ரேல் என்றதும் திப்புவின் தாயார் குறுக்கிட்டார். குர்ஆனில் பெயர் வரும் மக்கள் இவர்கள், விட்டுவிடு என்றார். உயிர் தப்பியவர் 1796இல் ஜெப ஆலயம் கட்டினார். அதன் பெயர் ஷாஅர் ஹரஹமிம். 'கருணையின் வாசல்' என்று அர்த்தம்.

எஸ்தர் கதை ஆமானோடு முடியவில்லை. முதல் ஆணையை ரத்து செய்ய முடியாததால் எதிர் ஆணை போட்டு, யூதர்கள் எதிரிகளில் 75,000 பேரைக் கொன்றதாகப் புத்தகமே கணக்குச் சொல்கிறது. திவேகர் கதையில் பதிலுக்கு யாரும் தூக்கில் தொங்கவில்லை. ஒரு தாய் வாய் திறந்தார், அவ்வளவுதான்.

மஸ்ஜித்தில் ரயில் நிற்கும்போதெல்லாம் அந்த கேஷியர் ஞாபகம் வருகிறது.