வத்தல்மலையின் ஆண்டு வட்டமும் ஆப்பிரிக்கத் தானியமும்

விழாவொன்றன் தொன்மையை அளக்கப் புகுவார் அதற்குரிய தெய்வத்தின் பெயரையும் பாடலையும் சடங்கையும் ஆராய்வர். அவ்விழாவிற் படைக்கப்படும் தானியம் எந்நிலத்தினின்று வந்தது என வினவுவார் மிகச் சிலரே. அவ்வினாவைத் தருமபுரி மாவட்டத்து வத்தல்மலையை இடமாகக் கொண்டு எழுப்புதலே இக்கட்டுரையின் நோக்கம்.

வத்தல்மலை தருமபுரி நகரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், சேர்வராயன் மலைத்தொடரை ஒட்டி நிற்பது. பால்சிலம்பு, பெரியூர், ஒன்றியங்காடு, நாயக்கனூர் முதலிய சிற்றூர்களைத் தன்னகத்தே கொண்டது. வண்டி செல்லுஞ் சாலை அண்மைக் காலத்தேதான் அமைந்தது. ஆங்கு வாழ்வோர் மலையாளிகள். இப்பெயர் சேரநாட்டாரைக் குறிப்பதன்று. மலையை ஆள்வோர், மலையில் வாழ்வோர் எனும் பொருட்டு. அவர்தம் தாய்மொழி தமிழே. 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி தமிழ்நாட்டுப் பழங்குடிகளுள் எண்ணிக்கையால் முதலிடம் பெறுவோர் இவரே. மூன்றரை இலக்கத்தினும் மிக்கவர்.

தம் முன்னோர் காஞ்சியினின்று வந்தனர் என்பது இம்மக்களின் வழிவழிக் கதை. பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் உடன்பிறந்தார் மூவர் வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்றும், அவர் வழியினரே இன்றைய மலையாளிகள் என்றும் அக்கதை கூறும். 1909-இல் தர்சுடன் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளில் இக்கதை இடம்பெற்றது. இதனை வரலாறெனக் கொள்வதா, புனைவெனத் தள்ளுவதா என்னும் வழக்கு ஏட்டளவில் நின்றிருப்பின் கவலையில்லை. 1965-இல் லோகூர் குழு பழங்குடியை அறிதற்கு வகுத்த அளவைகளுள் தொன்மைக் கூறுகளும் தனித்த பண்பாடும் அடங்கும். அரசின் பட்டியலோ மலையாளிகளை மாவட்டப் பெயர்களோடு சேர்த்தே குறித்தது. அதனால் தருமபுரியில் பழங்குடியாக ஏற்கப்பட்ட அதே மக்கள், ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் அவ்வுரிமையின்றி நெடுங்காலம் முறையிட்டு வந்துள்ளனர். ஆகவே ஒரு குடியின் வழக்கங்கள் எத்துணைப் பழையன, எத்துணைத் தனித்தன என்னும் வினா அக்குடியின் பிள்ளைகளது கல்வியையும் தொழிலையும் தொடுவதாகிவிட்டது.

இனித் தானியத்திற்கு வருவோம். இம்மலைநாட்டின் உணவு நெடுங்காலம் கேழ்வரகும் சாமையுமே. சாமை இந்நாட்டிலேயே பயிராகப் பண்படுத்தப்பட்டது. கேழ்வரகு அத்தகையதன்று. அதன் காட்டு முன்னினம் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்தில், எத்தியோப்பியா, உகாண்டா முதலிய பகுதிகளில் உள்ளது. ஆங்கேயே அது பயிராக்கப்பட்டது என்பது பயிரியலார் துணிபு. சோளமும் கம்பும் அக்கண்டத்தினின்று வந்தனவே. திருப்பத்தூரை அடுத்த பையம்பள்ளியில் 1964-65, 1967-68 ஆண்டுகளில் நிகழ்ந்த அகழாய்வு, புதிய கற்கால மக்கள் கேழ்வரகு பயிரிட்டனர் எனக் காட்டியதாக உரைக்கப்பட்டது. பின்வந்த ஆய்வாளர் இத்தகைய பழைய முடிபுகள் பலவற்றை ஐயுற்றுக் காலத்தைப் பின்தள்ளினர். எனினும் தென்னாட்டிற்கு அது வந்து மூவாயிரம் ஆண்டளவாயிற்று எனக் கொள்ளுதல் மிகையன்று.

இங்கே பெயரும் ஒரு சான்று தருகின்றது. கேழ் என்பதற்கு நிறம், ஒளி என்பன பொருள். கேழ்வரகு எனவே நிறமுடைய வரகு என்றாகும். முன்னரே அறிந்த வரகின் பெயரை அடியாகக் கொண்டு, பின்வந்த தானியத்திற்கு அடைகொடுத்து அழைத்தனர் எனக் கருதுதல் பொருந்தும். சங்கப் பாடல்களில் தினையும் வரகும் பெற்ற சிறப்பினைக் கேழ்வரகு பெறவில்லை. ஆயினும் ஆப்பிரிக்கச் செடியொன்று குறிஞ்சித் திணைக்குள் அக்காலத்தேயே புகுந்து குடிகொண்டுவிட்டது. அஃது அவரை. தினை கொய்த தாளில் அவரை படர்ந்து பூப்பதனைக் குறுந்தொகைப் புலவர் பனிக்காலத்தின் அடையாளமாகவே பாடினார். அது கடல்கடந்து வந்தது என்னும் எண்ணம் அவர்க்கு எழுந்திருக்க இடமில்லை. இன்றும் தருமபுரிச் சீமையில் கேழ்வரகின் ஊடே அவரையும் மொச்சையும் இடுவர்.

தகடூரை ஆண்ட அதியமான் நெடுமானஞ்சியின் முன்னோர் கரும்பினை இந்நாட்டிற்குக் கொணர்ந்தனர் என ஔவையார் புறநானூற்றிற் புகழ்கின்றார். அத்தகடூரே இன்றைய தருமபுரி. வேந்தர் கொணர்ந்த கரும்பிற்குப் பாட்டு உண்டு. களியாகிக் குடியோம்பிய கேழ்வரகினைக் கொணர்ந்தவர் இன்னார் எனப் பாடுவார் ஒருவருமிலர்.

மலையின் ஆண்டு வட்டம் இத்தானியத்தைத் தழுவியே சுழல்வது. சேர்வராயன் மலையுச்சிக் குகைக்கோயிலில் சேர்வராயனுக்கும் காவேரியம்மனுக்கும் மே மாதத்தில் விழா எடுப்பர். சூழவுள்ள மலையூர்களின் மக்கள் திரள்வர். அது விதைப்பு மழைக்கு முந்திய பருவம். ஆடி, ஆவணியில் மானாவாரிக் கேழ்வரகு விதைப்பு. கார்த்திகை, மார்கழியில் அறுவடை. பின்னர்த் தைப்பொங்கல், மாட்டுப் பொங்கல், எருதாட்டம். நாட்காட்டி சமவெளியோடு ஒத்ததே. ஆனால் அதனை நிரப்பிய விளைவு நெல்லன்று. புதிதாய் விளைந்ததனை முதற்கண் படைத்துண்ணல் தமிழர்க்கு எங்கும் பொது. புதிர் என்னும் சொல் அதற்குரியது. யாழ்ப்பாணத்தார் தைப்பூசத்தன்று புதிர் எடுப்பர்; குடகரும் புத்தரி கொண்டாடுவர்.

ஆப்பிரிக்காவிலும் முதல்விளைவு உண்ணும் விழாக்கள் பலவாம். சூலு மக்களின் விழாவில் வேந்தன் முதற்கண் சுவைத்த பின்னரே குடிகள் புதுவிளைவை உண்பர். 1879-ஆம் ஆண்டுப் போரில் ஆங்கிலேயர் சூலு அரசை வீழ்த்திய பின் அவ்விழா ஒடுக்கப்பட்டு, 20-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மீண்டும் உயிர்பெற்றது. இத்தகைய விழாக்களைப் படிமமாகக் கொண்டு, 1966-இல் அமெரிக்கக் கருப்பினத்தாருக்கெனக் குவான்சா என்னும் விழாவினை வகுத்தார் மௌலானா கரெங்கா. அதற்கு முந்திய ஆண்டில்தான் லாசு ஏஞ்சலீசு நகரின் வாட்சுப் பகுதியில் பெருங்கலகம் மூண்டிருந்தது. திசம்பர் 26 முதல் சனவரி 1 வரை ஏழு நாள்; நாளுக்கொரு கோட்பாடாக ஒற்றுமை முதலிய ஏழு; மாலைதோறும் குடும்பத்தார் கூடி விளக்கேற்றுவர். முதற்கனிகள் எனப் பொருள்படும் சுவாகிலித் தொடரினின்று பெயர் பிறந்தது.

குற்றங்காண்பார்க்கு இதில் இடமுண்டு. அடிமைகளாய்க் கொண்டு செல்லப்பட்டோர் பெரும்பாலும் மேற்கு, நடு ஆப்பிரிக்கர். சுவாகிலியோ கிழக்குக் கரை மொழி. பிள்ளைக்கொன்றாக வைக்கும் மக்காச்சோளக் கதிரோ அமெரிக்காவிற் பிறந்து, 16-ஆம் நூற்றாண்டளவில் ஆப்பிரிக்காவை அடைந்த பயிர். ஆதலின் இவ்விழா போலியெனல் சிலர் கூற்று. அவ்வளவைகொண்டு நோக்கின் வத்தல்மலைக் களியும் குறுந்தொகை அவரையும் போலியாதல் வேண்டும்! குவான்சா தான் பிறந்த ஆண்டை மறைக்கவில்லை; ஏனைய விழாக்களுக்கு அவ்வாண்டு மறந்துபோயிற்று. வேறுபாடு அவ்வளவே எனக் கொள்வது என் கருத்து. பழங்குடித்தன்மையை அளக்கும் அலுவலர்க்கும் இது பொருந்தும்: காஞ்சியினின்று வந்தமையால் ஒரு குடியின் வழக்கம் தனித்தன்மை இழப்பதில்லை.

இன்று வத்தல்மலையின் சரிவுகளில் காப்பியும் மிளகும் சவுக்கு மரமும் பரவியுள்ளன. 2011 முதல் தமிழக அரசு வழங்கும் விலையில்லா அரிசி களியின் இடத்தைப் பெரிதும் கைக்கொண்டது. காப்பியும் எத்தியோப்பிய மேட்டுநிலத்துச் செடியே. கேழ்வரகின் பிறந்தகத்திற்கு அண்மையது. அது சேர்வராயன் மலைக்கு வந்த காலமும் கொணர்ந்தவர் பெயரும் நாம் அறிவோம்: 1820-களில் சேலம் ஆட்சியராயிருந்த காக்பர்ன். கேழ்வரகு அடுப்பிற்கும் படையலுக்கும் சென்றது. காப்பிப் பழமும் ஏறத்தாழ அதே கார்த்திகை, மார்கழியிற்றான் பழுக்கின்றது. பறித்தவர் அதனை உலர்த்தி வணிகரிடம் எடைபோடுகின்றனர்.