மச்சும் முகடும்

மதுரை மாநகரின் வடகிழக்கே மாட்டுத்தாவணி என்றோர் இடம் உண்டு. தாவணி என்பது மாடுகளை வரிசையாகப் பிணிக்கும் கயிறு. அவ்வாறு பிணித்து நிறுத்தி விலைபேசும் சந்தைக்கும் அதுவே பெயராயிற்று. 1999-ஆம் ஆண்டு முதல் அங்கே மாடுகள் நின்ற முறையில் பேருந்துகள் நிற்கின்றன. தொழில் மாறியும் பெயர் மாறவில்லை. அங்கிருந்து தெற்கே நாகர்கோவிலுக்குச் செல்லும் வண்டியில் ஏறினால், ஒரே நாளில் இருவகைக் கூரைகளைக் காணலாம். புறப்படும் ஊரில் மட்டமான கூரை. சென்று சேரும் நாட்டில் சரிந்த கூரை. சரிந்த கூரையின் கீழே, முகட்டை ஒட்டி, ஓர் இருண்ட இடம் இருக்கிறதன்றோ? அந்த இடத்தை மனிதர் தம் உறைவிடமாக்கிக்கொண்ட வரலாற்றையே இன்று நான் உங்களுக்குச் சொல்லக் கருதுகின்றேன்.

அவ்விடத்திற்கு நம் மொழியில் பெயர்கள் பல. பரண் என்பது மிகப் பழைய பெயர். தினைப்புனத்தில் கிளி கடிவோர் ஏறியமர்ந்த மேடையும் பரண். அடுக்களையின் மேலே பானையும் விறகும் விதைநெல்லும் வைத்த தட்டும் பரண். அடுப்புப் புகை மேலேறி விதையைப் பூச்சி அரிக்காமற் காத்தது. புகையையும் வீணாக்காத சிக்கனம் அது! பரணைப் பலகையால் முழுவதும் மூடினால் அது மச்சு. மச்சு உடையவன் செல்வன். மச்சு வீட்டுக்கும் குச்சு வீட்டுக்கும் இடையிலுள்ள தூரம் ஊரார் நாவில் பழமொழியாகவே வழங்குவது.

மதுரையில் மச்சுக்கு அத்துணை இடமில்லை. மழை குறைந்த சமவெளியாதலின் அங்கே வீடுகட்டுவோர் மட்டப்பாவை விரும்பினர். தேக்கு விட்டங்களின்மேல் சிறு கட்டைகளைப் பரப்பி, அவற்றின்மேல் செங்கல்லைச் சாய்வரிசையில் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தால் இறுக்கி, மேலே செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து நாட்கணக்கில் அடித்துக் கெட்டிப்படுத்துவர். அந்தக் கூரையின் மேலே படுக்கலாம். உள்ளே ஒளிந்த அறை எதுவும் இல்லை. 1636-ஆம் ஆண்டளவில் எழுந்த திருமலை நாயக்கர் மகாலோ வேறு வகை. செங்கல்லும் சுண்ணமும் கொண்ட குவிமாடங்களால் மூடப்பட்டது. பாழ்பட்டுக் கிடந்த அதனை, 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்க்கச் செய்தார். 1970 வரை நீதிமன்றங்கள் அங்கே நடைபெற்றன. குவிமாடத்தைத் தொடாமல் அதன் நிழலில் குடியேறினமையால் அம்மாளிகைக்கும் பயன் கிடைத்தது. கூரைக்கும் கேடு நேரவில்லை.

சரிந்த கூரையில் குடியேறுவது அத்துணை எளிதன்று. அதன் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். மாணவர் இருவர் எதிரெதிரே நின்று, உள்ளங்கைகளைச் சேர்த்து, கால்களைப் பின்னே வைத்து ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்திருப்பதாகக் கொள்ளுங்கள். தரை வழுவழுப்பாயின் கால்கள் பின்னோக்கி வழுக்கும். இருவர் கணுக்கால்களையும் ஒரு கயிற்றால் பிணித்துவிட்டால் வழுக்க மாட்டா. கைமரங்கள் இரண்டும் முகட்டில் கூடி நிற்பதும் இவ்வாறே. ஓட்டின் பாரம் அவற்றைக் கீழே அமுக்குகிறது. அமுக்க அமுக்க அவற்றின் அடிகள் சுவரை வெளியே தள்ளுகின்றன. அத்தள்ளுதலைத் தடுக்கும் கயிறுதான் சுவருக்குச் சுவர் செல்லும் குறுக்குவிட்டம். முகட்டு உத்தரம் இருபுறத்து முக்கோணச் சுவர்களின்மேல் உறுதியாக அமர்ந்திருந்தால் தள்ளுதல் குறையும். மற்ற வீடுகளில் குறுக்குவிட்டமே காவல்.

அக்காவலனைப் பலர் அடையாளம் கண்டுகொள்வதில்லை. தலைமேல் ஒரு சுமையும் இன்றிச் சும்மா கிடப்பதுபோல் தோன்றும் மரம் அது. போதாக்குறைக்கு, மச்சில் நடப்பவன் நெற்றியில் இடிக்கும். பழைய தெரு ஒன்றில் ஓட்டு வீடு ஒன்றை நான் கண்டதுண்டு. பிள்ளைகள் படிக்க அறை வேண்டும் என்று மச்சைத் திருத்தியவர்கள், நிமிர்ந்து நடப்பதற்காக நடுவிலிருந்த குறுக்குவிட்டத்தை அறுத்துவிட்டார்கள். மறுநாளே வீடு விழுந்துவிடவில்லை. விழுந்திருந்தால் அக்கம்பக்கத்தார் பாடம் கற்றிருப்பர். சில மழைக்காலங்கள் சென்றபின் முகடு நடுவில் தாழ்ந்தது. ஓடுகள் வாய் பிளந்தன. சுவரின் உச்சி தெருவை எட்டிப் பார்ப்பதுபோல் சாய்ந்தது. அறுத்த மரத்தின் விலையைப்போல் பன்மடங்கு பொருளைச் சுவருக்குச் செலவிட்டனர்.

குறுக்குவிட்டம் இன்றியே அகன்ற கூரை அமைத்தவர் உலகில் இல்லாமல் இல்லை. இலண்டன் நகரத்து வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்திற்கு 1390-களில் இரண்டாம் ரிச்சர்டு மன்னன் காலத்தில் ஹ்யூ ஹெர்லாண்டு என்னும் தச்சர் அமைத்த கூரை, ஏறத்தாழ 68 அடி அகலத்தை நடுத்தூண் இன்றிக் கடக்கிறது. ஆயின் அதற்காக அவர் சுவரிலிருந்து புறப்படும் குறுவிட்டங்களையும் பெரிய மரவளைவுகளையும் சேர்த்தார். பருத்த சுவர்களும் வெளியே உதைசுவர்களும் துணைநின்றன. ஒரு மரத்தை நீக்குவதற்கு ஒரு காடே தேவைப்பட்டது எனலாம். பிரெஞ்சுக்காரர் வேறு வழி சென்றனர். திருமலை நாயக்கரின் காலத்தவரான பிரான்சுவா மான்சார் என்பவர் பெயரால் வழங்கும் கூரையில், கீழ்ப்பகுதி செங்குத்தாகவும் மேற்பகுதி மெல்லிய சரிவாகவும் இருக்கும். கூரையை வெட்டாமல் கூரையின் உருவத்தையே மாற்றி உள்ளே அறை கண்டனர். பாரிசில் 1783-ஆம் ஆண்டு விதி வீட்டுச் சுவரின் உயரத்திற்கு எல்லை வகுத்தது. கூரைக்குள் இருந்த அறை அக்கணக்கில் சேரவில்லை. அப்புறம் கேட்பானேன்! எல்லாரும் கூரைக்குள் குடிபுகுந்தனர்.

இனி நம் நாட்டுச் சான்றிற்கு வருவோம். நாகர்கோவிலைக் கடந்து தக்கலையில் இறங்கினால், அருகிலேயே பத்மநாபபுரம் அரண்மனை. 1601-ஆம் ஆண்டளவில் தொடங்கிய அம்மனை, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை திருவிதாங்கூர் மன்னரின் தலைநகராக விளங்கியது. 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பின்னும், அரண்மனையைக் கேரள அரசின் தொல்பொருள் துறையே பேணி வருகிறது. இருபருவ மழையும் பெறும் நாடாதலின் அங்குக் கூரைகள் யாவும் சரிந்தவை, மரத்தாலானவை.

அம்மனையின் நடுவே, மார்த்தாண்டவர்மர் 1750-ஆம் ஆண்டளவில் கட்டிய நான்கு நிலை மாளிகை ஒன்று நிற்கிறது. உப்பரிகை மாளிகை என்பர். அதன் கீழ்நிலையில் கருவூலம். அதன்மேல் மன்னர் துயிலும் அறை. பலவகை மருத்துவ மரங்களால் இழைத்த கட்டில் அங்கே இருந்தது. மூன்றாம் நிலை மன்னர் நோன்பிருந்து ஓய்வுகொண்ட இடம். கூரையை ஒட்டிய நான்காம் நிலை வழிபாட்டறை. சுவர்களில் ஓவியங்கள், விளக்கு, அவ்வளவே.

இவ்வடுக்கைச் சமயநோக்கில் விளக்குவது வழக்கம்: இறைவன் மேலே, பொன் கீழே என்பர். அது மெய்யே. எனினும் ஒரு தச்சரின் கண்கொண்டு நோக்கினால் வேறொன்றும் புலப்படும். பொன்னும் வெள்ளியும் பெட்டிகளும் ஆகிய பெரும்பாரம் தரையில் அமர்ந்தது. கட்டில் ஒன்றும் ஒருவர் உறக்கமும் அடுத்த நிலையில். நோன்பிருப்பவர் அதற்கும் மேலே, அவரும் மெலிந்தவரே! கூரைக்குக் கீழே விளக்கும் வண்ணமும் மட்டுமே. மேலே செல்லச் செல்லப் பாரம் குறைகிறது. கூரைக்கு அருகிலுள்ள இடத்தை எதற்குப் பயன்படுத்துவது என்று முடிவுசெய்தவர், அம்மரங்கள் எதைத் தாங்கும் என்று அறிந்தே முடிவுசெய்தார் என்று நான் கருதுகின்றேன்.

அதே அரண்மனையில் ஊட்டுப்புரை என்னும் நீண்ட கட்டடம் உண்டு. கீழே ஆயிரவரும் மேலே ஆயிரவரும் அமர்ந்து உண்பதற்கென்று அமைந்தது. மாடியில் ஆயிரவர் அமர்வதென்றால் சட்டங்கள் நெருக்கமாகவும் உயரமாகவும் இருக்க வேண்டுமன்றோ? அங்கே சென்றால் மேல்நோக்கி ஒருமுறை பாருங்கள். வழிபாட்டறைக்குப் போதும் தளம் வேறு. பந்திக்கு வேண்டும் தளம் வேறு.

சட்டத்தின் உயரம் என்றேன். இதன் கணக்கை இத்தாலிய அறிஞர் கலிலியோ 1638-இல் லைடன் நகரில் வெளியான நூலில் ஆராய்ந்தார். மதுரை மகால் எழுந்த அதே காலம். சட்டத்தின் அகலத்தை இரட்டித்தால் வலிமை இரட்டிக்கும். உயரத்தை இரட்டித்தால் வலிமை நான்கு மடங்காகும். அதனாற்றான் தச்சர் சட்டத்தைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்துகின்றனர். மச்சின் அடித்தட்டைத் தாங்கப் போட்ட மெல்லிய சட்டங்கள் விதைநெல் மூட்டைக்குப் போதும். மூட்டை ஒரே இடத்தில் கிடக்கும். மனிதரோ நடப்பர், பிள்ளைகளோ குதிப்பர்.

இன்னொரு மாறுதலையும் குறிப்பிட வேண்டும். 1865-ஆம் ஆண்டு பாசல் சமயத்தொண்டர் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை ஒன்றை நிறுவினர். ஒன்றோடொன்று கொளுவும் அந்த ஓடு, பல அடுக்காகப் பரப்பிய நாட்டு ஓட்டைவிட இலேசானது. ஆகவே அதன் கீழுள்ள மரங்களும் மெலிந்து, இடைவெளியும் அகன்றது. பாட்டனார் காலத்து நாட்டு ஓட்டு வீட்டில் பொறுத்த பாரத்தை, மங்களூர் ஓட்டு வீடும் பொறுக்கும் என்று எண்ணுவதற்கில்லை.

ஆகவே இன்று மச்சை அறையாக்க விரும்புவோர், பழைய சட்டங்களின்மேல் பலகை அடித்துவிட்டு மனநிறைவு கொள்ளலாகாது. பழைய சட்டங்களுக்கு இடையிடையே உயரம் மிகுந்த புதிய சட்டங்களைச் சுவருக்குச் சுவர் இட்டு, தளத்தின் பாரம் முழுவதையும் அவற்றின்மேல் ஏற்றுதல் வேண்டும். கீழறையின் மேல்தட்டு பழைய சட்டங்களிலேயே தொங்கட்டும். படிக்கட்டிற்காகத் தளத்தைத் திறந்தால், அறுபட்ட சட்டங்களின் முனைகளைக் குறுக்கே ஓர் உறுதியான சட்டத்தில் பொருத்தி, அச்சட்டத்தை இருபுறமும் இரட்டைச் சட்டங்கள் ஏந்தச் செய்வர். சாளரத்திற்காகக் கைமரம் ஒன்றை வெட்டினாலும் அதே முறைதான். குறுக்குவிட்டத்தையோ தொடுதல் கூடாது. அதன் இருபுறமும் அறையை வகுத்துக்கொள்ளலாம், அல்லது அதைப் புத்தகத் தட்டின் சட்டமாகவே கொள்ளலாம். உயரம் போதாதென்றால், சுவரைக் கட்டி உயர்த்தி முழுக்கூரையையும் தூக்கி வைப்பதே நேர்வழி.

காற்றுக்கும் வழி வேண்டும். ஓட்டின் அடியை ஒட்டிப் பலகை அடித்து முற்றிலும் மூடினால், உள்ளே தங்கும் ஈரத்தால் கைமரத்தின் அடி உளுத்துப்போகும். கறையான் ஏறுவதும் வெளியே தெரியாது. ஓட்டுக்கும் பலகைக்கும் இடையே நான்கு விரற்கடை வெற்றிடம் விட்டு, இறவாணத்தில் நுழையும் காற்று முகட்டருகே வெளியேறச் செய்வது நல்லது. பத்மநாபபுரத்தின் முகப்புகளில் செதுக்கிய மரவேலைப்பாட்டின் இடைவெளிகள் அழகு செய்வதோடு இந்தத் தொழிலையும் செய்கின்றன. ஆண்டுக்கொரு முறை, ஐப்பசி மழைக்கு முன், கையில் ஓர் ஆணியுடன் மச்சுக்குள் ஏறி, கைமரம் சுவரில் அமரும் இடத்தைக் குத்திப் பார்த்தல் வேண்டும்; ஆணி எளிதில் இறங்கினால் தச்சரை அழைக்கலாம்.