1936 கோடையில் தைத்த போர்வைகள்

எங்கள் தையல் வகுப்பு மேற்குப் பக்க அறையில் நடந்தது. மத்தியானத்துக்குப் பிறகு வெயில் யன்னல் வழியாக நேரே மேசையில் விழும். வைகாசி மாதத்தில் ஊசி பிடித்த விரல் வியர்த்து வழுக்கும். வெள்ளைத் துணியில் கைரேகை அழுக்காகப் பதியும். அப்படியான ஒரு நாளில்தான் ரீச்சர் வெட்டுத் துண்டுகள் நிறைந்த பையை மேசையில் கொட்டினார். அவற்றை அறுகோணமாக வெட்டி, பழைய கொப்பித் தாளோடு சேர்த்து இழையோட்டி, ஒன்றோடொன்று பொருத்தி, வகுப்பாக ஒரு போர்வை தைக்க வேண்டும் என்றார். “இந்த வெக்கையில போர்வையோ ரீச்சர்?” என்று பின்வாங்கில் இருந்து ஒருத்தி கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். ரீச்சரும் சிரித்தாரே தவிரப் பதில் சொல்லவில்லை.

பதில் எனக்குக் கிடைத்தது வைத்தியரான பிறகு. வெப்பத்தால் நேரும் மரணங்களைப் பற்றி வாசிக்கும்போது 1936 ஆம் ஆண்டு அடிக்கடி எதிர்ப்படும். அவ்வாண்டுக் கோடையில் வட அமெரிக்காவைத் தாக்கிய வெப்ப அலையில் ஐக்கிய அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 5,000 பேர் இறந்தார்கள் என்பது கணக்கு. யூலை 6 ஆம் திகதி வட டகோட்டா மாநிலத்தின் ஸ்டீல் என்ற சிற்றூரில் வெப்பநிலை 49.4 பாகை செல்சியசைத் தொட்டது. மூன்று நாள் கழித்து நியூயோர்க் நகரின் மத்திய பூங்காவில் 41 பாகை. இந்த இரண்டு பதிவுகளும் அந்தந்த இடங்களில் இன்னும் முறியடிக்கப்படவில்லை.

இவற்றை விட என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறொரு எண். அதே வட டகோட்டாவில், அதே ஆண்டு பெப்ரவரி 15 ஆம் திகதி, பார்ஷல் என்ற ஊரில் குளிர் பூச்சியத்துக்குக் கீழே 51 பாகைக்குப் போயிருந்தது. ஐந்து மாதத்துக்குள், ஒரே மாநிலத்தில், நூறு பாகை வித்தியாசம்! அந்த மாரியைக் கடந்து வந்த ஒரு பெண் யூலை மாதத்தில் மடியில் போர்வைத் துண்டுகளை வைத்துக்கொண்டு இருந்தால், அவளிடம் எங்கள் பின்வாங்குக் கேள்வியை ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அந்த வீடுகளை நினைத்துப் பார்க்க வேண்டும். 1930களின் நடுப்பகுதியில் அமெரிக்கப் பண்ணை வீடுகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் அரச நிர்வாகமே 1935 இல்தான் தொடங்கப்பட்டது. ஆகவே மின்விசிறி என்ற பேச்சே பெரும்பாலான வீடுகளில் இல்லை. சமைப்பது விறகு அல்லது நிலக்கரி அடுப்பில். கன்சாஸ், ஓக்லஹோமா பக்கங்களில் வறட்சியால் வயல் மண்ணே காற்றில் எழும்பிப் புழுதிப் புயலாக வந்துகொண்டிருந்தது. புழுதி புகாமல் இருக்க யன்னல்களில் ஈரச் சீலையைத் தொங்கவிட்டார்கள். யன்னலைத் திறந்தால் மண், மூடினால் அடுப்பு.

காற்றின் வெப்பம் தோலின் வெப்பத்தைத் தாண்டிவிட்டால், உடம்பு தன் சூட்டை வெளியேற்ற வியர்வை ஒன்றையே நம்பியிருக்கும். இரவிலும் வெக்கை தணியாதபோதுதான் முதியவர்களும் கைக்குழந்தைகளும் தாங்க முடியாமல் போகிறார்கள். வீட்டுக்குள் படுக்க முடியாமல் அந்தக் கோடையில் சனங்கள் முற்றத்திலும் நகரப் பூங்காக்களிலும் பாய் விரித்தது போலப் படுத்தார்கள். மின்வெட்டுக் காலத்தில் விறாந்தையில் படுத்து வளர்ந்த எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இனித் தையலுக்கு வருகிறேன். குவில்ற் என்னும் ஒட்டுப் போர்வையில் இரண்டு வேலைகள் உண்டு. முதலாவது, சிறு துண்டுகளைப் பொருத்தி மேல்துணியை உருவாக்குவது. இரண்டாவது, அந்த மேல்துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு துணி என மூன்றையும் சேர்த்து, நுண்ணிய ஓட்டுத்தையலால் ஊடுருவித் தைப்பது. இரண்டாவதற்குக் கட்டில் அளவு மரச் சட்டம் தேவை. இடமில்லாத வீடுகளில் அதைக் கயிற்றால் கூரையில் கட்டி, வேலை இல்லாத நேரத்தில் மேலே இழுத்துவிடுவார்கள். பஞ்சு வைத்த பாரத்தை வெக்கையில் மடியில் போட்டுக்கொள்ள யாராலும் முடியாது. ஆனால் முதல் வேலை அப்படியல்ல. உள்ளங்கை அளவு துண்டுகள். நிழல் நகர நகரத் தானும் நகரலாம். பிள்ளை அழுதால் மடித்து வைத்துவிட்டு எழும்பலாம். எங்கள் ரீச்சர் தந்த அறுகோணமும் இந்த வகைதான். அமெரிக்காவில் அந்தக் கோலத்துக்கு ‘பாட்டியின் பூந்தோட்டம்’ என்று பெயர். 1930களில் மிகவும் விரும்பித் தைக்கப்பட்டவற்றில் அதுவும் ஒன்று.

துணி எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் சாக்கில் இருந்து. மாவும் சீனியும் கோழித் தீனும் அப்போது பருத்திப் பைகளில் வந்தன. தையலின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் பை முழுவதும் பிரிந்துவிடும். அந்த நூலையும் சுற்றி வைத்துக்கொள்வார்கள். பெண்கள் பைகளைத் துணியாக்குகிறார்கள் என்று கண்ட வியாபாரிகள், தோய்த்தால் போகும் மையில் பெயரை அச்சிட்டார்கள். பிறகு பூப்போட்ட பைகளையே விற்கத் தொடங்கினார்கள். ஒரே பூவில் இன்னொரு பை வேண்டும் என்பதற்காகத் தீன் வாங்கப் போன கணவன்மார் மூட்டைகளைப் புரட்டிக்கொண்டு நின்ற கதைகள் பல. நம்மூரிலும் கோதுமை மாப் பையைத் தோய்த்துத் தலையணை உறையும் உட்சட்டையும் தைத்த வீடுகள் எத்தனை! கோலங்களும் காசில்லாமல் கிடைத்தன. கன்சாஸ் சிற்றி ஸ்ரார் பத்திரிகை 1928 முதல் 1961 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோலங்களை வெளியிட்டது. வாசகிகள் அனுப்பியவையும் அவற்றில் பல. மிதி இயந்திரம் வைத்திருந்தவர்கள் அதில் தைத்தார்கள். அதே சிங்கர் நம்முடைய வீடுகளிலும் சீதனத்தோடு வந்தது.

இதையெல்லாம் ‘வறுமையிலும் மலர்ந்த கலை’ என்று எழுதுவோர் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. சாக்குத் துணிப் போர்வை முதலில் பிள்ளை விறைத்துப் போகாமல் இருப்பதற்காகத் தைக்கப்பட்டது. அழகு பிறகு வந்தது. வந்தது என்பதுதான் வியப்பு.

அழகுக்குப் பரிசும் கொடுத்தார்கள். 1933 இல் சிக்காகோ உலகக் கண்காட்சியை ஒட்டி சியர்ஸ் நிறுவனம் மொத்தம் 7,500 டொலர் பரிசுக்குப் போட்டி வைத்தது. அறிவித்துச் சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 24,000 போர்வைகள் வந்து குவிந்தன. முதற்பரிசு கென்டக்கி மாநிலத்தவர் ஒருவருக்கு. பரிசுப் போர்வை சனாதிபதியின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ற்றுக்குக் கொடுக்கப்பட்டது. இன்று அது இருக்கும் இடம் தெரியவில்லை. அறுபது ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் தேடியபோது ஓர் உண்மை வெளிவந்தது. பரிசு பெற்றவர் அதில் ஒரு தையலும் போடவில்லை. கூலிக்குத் தைத்த பெண்கள் வேறு. பரிசில் அவர்களுக்குப் பங்கு கிடைக்கவில்லை. அவர்கள் பெயரும் அப்போது எங்கும் வரவில்லை.

அதே கென்டக்கியில்தான் 1981 இல் ஒரு வேலை தொடங்கியது. ஊர் ஊராக நாள் குறித்து, வீட்டிலுள்ள பழைய போர்வைகளைக் கொண்டுவரச் சொல்லி, யார் தைத்தது, எந்த ஊர், எந்த ஆண்டு என்று கேட்டு எழுதிப் படம் பிடித்தார்கள். பின்னர் மற்ற மாநிலங்களும் அதைப் பின்பற்றின. பல போர்வைகளுக்குத் தைத்தவரின் பெயர் தெரியவில்லை. “பாட்டியின் பக்கத்தில் யாரோ” என்பதோடு நின்றுவிடும்.

இதை வாசித்த அன்று எங்கள் வகுப்புப் போர்வை நினைவுக்கு வந்தது. அதைத் தைத்து முடித்தோம். பரிசளிப்பு விழாக் கண்காட்சியில் தொங்கியது. பிறகு என்ன ஆயிற்று என்று என் வகுப்புத் தோழிகளிடம் கேட்டேன். ஒருத்தி இடப்பெயர்வில் போயிற்று என்றாள், இன்னொருத்தி யாரோ விருந்தினருக்குக் கொடுத்ததாகச் சொன்னாள். எத்தனை பேர் தைத்தோம் என்பதிலேயே எங்களுக்குள் உடன்பாடில்லை. பதினெட்டா, இருபத்திரண்டா? இந்த மலரை வாசிக்கும் எவரிடமாவது அந்தக் கண்காட்சியின் படம் இருந்தால் சங்கத்துக்கு அனுப்பிவையுங்கள். பின்புறம் பெயர்களை எழுதி அனுப்புங்கள்.

எங்கள் வீட்டிலும் ஒரு போர்வை இருக்கிறது. மாப் பைத் துணியில் பழைய வொயில் சேலைத் துண்டுகள் வைத்துத் தைத்தது. அம்மம்மா தைத்தது என்று அம்மா சொல்கிறார். இல்லை, அவரின் தங்கை தைத்துக் கொடுத்தது என்று மாமா சொல்கிறார். இருவரும் இப்போது இல்லை. போன விடுமுறையில் ஒரு நாடாத் துண்டில் இரண்டு பெயர்களையும், நடுவில் ‘அல்லது’ என்ற சொல்லையும் எழுதி, போர்வையின் மூலையில் தைத்து வைத்தேன். தையல் கோணலாகத்தான் வந்தது. ரீச்சர் பார்த்திருந்தால் பிரித்துத் தைக்கச் சொல்லியிருப்பார்.