இலக்கம் 1 உம் இலக்கம் 16 உம்

எமது கல்லூரியின் நூற்றாண்டு மலரில் அமெரிக்கக் கூடைப்பந்தாட்டத்துக்கு என்ன இடம் என்று சிலர் கேட்கக்கூடும். நாம் ஆடி வளர்ந்தது வலைப்பந்தாட்டம். ஆனால் அதன் தாய் கூடைப்பந்தாட்டமே. 1891 டிசெம்பரில் மசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்பீல்ட் நகரில் ஜேம்ஸ் நைஸ்மித் உருவாக்கிய ஆட்டத்தை, 1893இல் அயலிலிருந்த ஸ்மித் மகளிர் கல்லூரியில் செண்டா பெரென்சன் என்ற ஆசிரியை பெண்களுக்கென மாற்றி ஆடவைத்தார். அதுவே பின்னர் இங்கிலாந்தில் வலைப்பந்தாட்டமாக உருமாறியது.

இக்கட்டுரை அந்த ஆட்டத்தின் ஒரு சிறு வழக்கம் பற்றியது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான சுற்றுப்போட்டியில், முதற் பந்து எறியப்படுமுன்பே ஒவ்வோர் அணிக்கும் ஒரு தரவரிசை இலக்கம் கொடுக்கப்படுகிறது. இதைச் ‘சீடிங்’ என்பார்கள். அந்த இலக்கம் முடிவை எவ்வளவு தூரம் தீர்மானிக்கிறது? புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளியும், வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்ற கேள்வியும், உயர்தரத்தில் மாவட்ட நிலையும் பார்த்து வளர்ந்த எமக்கு இது அந்நியமான கேள்வியல்ல.

வழக்கம் டெனிஸிலிருந்து வந்தது. பலமானவர்கள் முதற் சுற்றிலேயே ஒருவரையொருவர் வீழ்த்திவிடாதபடி, அவர்களை விதைபோல அட்டவணையில் இடைவெளி விட்டுத் தூவுவதே அதன் நோக்கம். விம்பிள்டன் 1927இல் இம்முறையைக் கைக்கொண்டது. ஆண்களுக்கான தேசியக் கல்லூரிக் கூடைப்பந்தாட்டப் போட்டி 1939இல் 8 அணிகளுடன் தொடங்கியபோது இலக்கம் எதுவும் இருக்கவில்லை. 1978இல் ஓரளவும், 1979இல் எல்லா அணிகளுக்கும் இலக்கம் வழங்கப்பட்டது. 1985இல் அணிகள் 64 ஆயின. நான்கு பிராந்தியங்கள், ஒவ்வொன்றிலும் 1 முதல் 16 வரை. முதற் சுற்றில் 1 உடன் 16 மோதும், 2 உடன் 15, இப்படியே 8 உடன் 9.

கணக்கைப் பார்த்தால் இலக்கம் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. 1985 முதல் 2025 வரை ஆண்கள் பிரிவில் 1ஆம் இலக்க அணியும் 16ஆம் இலக்க அணியும் 160 முறை சந்தித்தன. 16ஆம் இலக்கம் வென்றது இரண்டே முறை: 2018இல் மேரிலாண்ட் பால்ற்றிமோர் கவுண்டி பல்கலைக்கழகம் வேர்ஜீனியாவை 74-54 என்றும், 2023இல் பெயர்லி டிக்கின்சன் பர்டியூவை 63-58 என்றும் வீழ்த்தின. அந்தக் காலத்தின் 40 கிண்ணங்களில் 26ஐ 1ஆம் இலக்க அணிகளே பெற்றன. மிகத் தாழ்ந்த இலக்கத்துடன் கிண்ணம் வென்ற அணி 1985இன் விலனோவா; அதன் இலக்கம் 8.

ஆனால் இலக்கம் பலத்தை அளப்பதோடு நிற்பதில்லை, பாதையையும் வகுக்கிறது. 1ஆம் இலக்கம் பெற்ற அணிக்கு இலகுவான எதிரணி கிடைக்கிறது. பெண்கள் பிரிவில் உயர்ந்த இலக்கம் பெற்ற அணிகள் முதற் சுற்றுகளைத் தமது சொந்த அரங்கிலேயே ஆடுகின்றன. வெல்லக்கூடியவர் என்று கணிக்கப்பட்டவருக்கு வெல்வதற்கான வசதியும் சேர்த்துக் கொடுக்கப்படுகிறது. மறுபுறம், 8ஆம் இலக்கம் 10ஐவிட மேலானது என்று நினைப்போம். ஆனால் 8 முதற் சுற்றில் வென்றாலும் அடுத்து 1ஐச் சந்திக்க வேண்டும். 10க்கு அந்த நிலையில்லை. ஆகவே இறுதி பதினாறு அணிகளுக்குள் 8ஐவிட 10 அதிக முறை நுழைந்திருக்கிறது. சற்று உயர்த்தி வைக்கப்படுவது சிலவேளை சற்றுக் கடினமான இடத்தில் வைக்கப்படுவதாகவும் அமைகிறது.

பெண்களின் வரலாற்றில் இரண்டு அணிகளை நாம் அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, பென்சில்வேனியாவின் இமாகுலாட்டா கல்லூரி. அருட்சகோதரிகள் நடத்திய சிறிய மகளிர் கல்லூரி அது. 1972 மார்ச்சில் பெண்களுக்கான தேசியக் கல்லூரிச் சுற்றுப்போட்டி இலினோய் மாநிலத்தில் நடைபெற்றது. தகுதிச் சுற்றில் வெஸ்ட் செஸ்டர் அணியிடம் 70-38 எனத் தோற்றிருந்தமையால், 16 அணிகளில் 15ஆம் இடமே அவர்களுக்குக் கிடைத்தது. பற்தூரிகை விற்றுப் பணம் சேர்த்தார்கள். அப்பணம் எட்டு வீராங்கனைகளின் பயணத்துக்கே போதுமாயிருந்தது. பயிற்றுநர் கத்தி ரஷ் அழைத்துச்சென்ற அந்த எண்மரும் இறுதிப் போட்டிவரை முன்னேறி, அதே வெஸ்ட் செஸ்டரை 52-48 என வென்றார்கள். 1973, 1974 கிண்ணங்களும் அவர்களுக்கே. அமெரிக்கக் கல்வி நிறுவனங்களில் பால்வழிப் பாகுபாட்டைத் தடைசெய்த சட்டம் 1972 ஜூனில்தான் வந்தது. அவர்களின் முதல் வெற்றி அதற்கும் முந்தியது.

இரண்டாவது, ஹார்வர்ட். 1998 மார்ச் 14இல் 16ஆம் இலக்கத்துடன் சென்று, 1ஆம் இலக்கமான ஸ்டான்போர்டை அதன் சொந்த அரங்கிலேயே 71-67 என வென்றார்கள். அலிசன் பீஸ்டர் 35 புள்ளிகள் எடுத்தார். ஆண்கள் பிரிவில் இதுபோல் நிகழ மேலும் இருபது ஆண்டுகள் சென்றன. பெண்கள் பிரிவில் 2025 வரை இது ஒன்றே.

ஒரு வைத்தியராக இந்தப் போட்டியில் என் கவனத்தை ஈர்ப்பது வேறொன்று. போட்டிக்கு முந்திய நாட்களில் ஸ்டான்போர்டின் இரண்டு முக்கிய வீராங்கனைகளுக்கு முழங்காலுக்குள் ஏ.சி.எல். எனப்படும் நார் அறுந்திருந்தது. பந்து விளையாட்டுகளில் ஆண்களைவிடப் பெண்களுக்கே இக்காயம் அதிகம் ஏற்படுகிறது. ஸ்டான்போர்டின் இலக்கம் அதன் பருவகாலம் முழுவதையும் சுருக்கிச் சொன்னது. அன்று ஆடக்கூடியவர்கள் யார் என்பதை அது சொல்லவில்லை. ஹார்வர்டுக்குக் கொடுத்த 16உம் அப்படித்தான். அவர்கள் ஆடிய சிறிய லீக்கின் மதிப்பை அது சொன்னது. நாட்டிலேயே அந்தப் பருவத்தில் சராசரியாக அதிக புள்ளி எடுத்தவர் அவ்வணியில் இருந்ததை அது சொல்லவில்லை.

மருத்துவத்திலும் இலக்கங்கள் உண்டு. வயது, குருதி அமுக்கம், கொலஸ்திரோல், புகைத்தல் ஆகியவற்றைக் கூட்டி, அடுத்த பத்து ஆண்டுகளில் மாரடைப்பு வரும் சாத்தியம் எத்தனை வீதம் என்று கணிக்கிறோம். ஆயிரம் பேரை ஒன்றாகப் பார்க்கும்போது அந்தக் கணிப்பு பெரிதும் பொருந்தும். ஆனால் எனக்கு முன்னால் கதிரையில் இருப்பவர் ஆயிரம் பேரல்ல, ஒருவர். இலக்கத்தை எறிந்துவிடவும் முடியாது, அதை அவருடைய விதியாக எடுக்கவும் முடியாது. அந்த இலக்கம் எப்போது கணிக்கப்பட்டது, எவற்றைக் கணக்கில் எடுத்தது, எவற்றை விட்டது என்று கேட்டபின்பே அவரிடம் பேச வேண்டும்.

உலகெங்கும் பரந்திருக்கும் எமது பழைய மாணவிகளில் பலர் இன்று இலக்கம் பெறும் இடத்தில் இல்லை. ஆசிரியர்களாக, அதிபர்களாக, தேர்வுக் குழுக்களில் அங்கத்தவர்களாக, தாய்மாராக இலக்கம் கொடுக்கும் இடத்தில் இருக்கிறோம். தரவரிசை இல்லாமல் ஒரு சுற்றுப்போட்டியையோ ஒரு வகுப்பையோ நடத்துவது கடினம் என்பதை நாம் அறிவோம். ஆனால் ஒரு பிள்ளைக்கு 16 என்று எழுதிவிட்டு, நல்ல மைதானத்தையும் இலகுவான எதிரணியையும் 1க்கே கொடுத்துவிட்டு, பின்னர் “பார்த்தீர்களா, நாங்கள் சொன்னது சரிதானே” என்று சொல்லாதிருப்பது எமது பொறுப்பு. இமாகுலாட்டாவின் பிள்ளைகளுக்கு 15ஆம் இடம்தான் கிடைத்தது. ஆனாலும் அவர்களை இலினோய்க்கு அனுப்பி வைக்கச் சிலர் பற்தூரிகை வாங்கினார்கள்.