மேலூர் வழியும் தேனி வழியும்

திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் ஊர்களில் வீட்டு வைஃபை திண்ணையைத் தாண்டுவதில்லை. ஒரு கிலோமீட்டர் தள்ளியுள்ள மோட்டார் ரூமுக்கு அதைக் கொண்டுபோக நினைப்பவர்கள், மதுரையின் இரு பக்கமும் முன்பே நடந்த இரண்டு முயற்சிகளைப் பார்ப்பது நல்லது.

மேலூரில் 2001 முதல் 'சாரி' திட்டம் இணையம் கொடுத்தது, சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பம் மூலம். நடுவில் ஒரு கோபுரம். சுற்றுக் கிராமங்களின் கூரைகளில் அதை நோக்கிய ஆன்டெனாக்கள். மறைப்பு இல்லாவிட்டால் 10 கி.மீ. எட்டும். வேகம் 35 அல்லது 70 கிலோபிட்தான். வெப்கேமில் பிடித்த கண் படத்தை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு மின்னஞ்சலில் அனுப்ப அது போதுமாக இருந்தது.

சில ஆண்டுகளில் அதே அரவிந்த், அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து தேனியில் சாதாரண வைஃபை சிப்பை எடுத்துக்கொண்டது. இரண்டு முனையிலும் திசை ஆன்டெனா. ஆனால் வைஃபை, அனுப்பிய ஒவ்வொரு துண்டுக்கும் 'கிடைத்தது' என்ற பதிலை எதிர்பார்க்கும். தூரத்தால் பதில் தாமதித்தால் தொலைந்ததென்று மறுபடி அனுப்பும். மென்பொருளை மாற்றி, இரு முனைகளும் முறைவைத்துப் பேசும்படி செய்தார்கள். வேகம் பல மெகாபிட்டுக்கு ஏறியது. கிராமத்து நோயாளியும் தேனி மருத்துவரும் வீடியோவில் முகம் பார்த்துப் பேசினார்கள்.

ஊர் முழுவதற்கும் கொடுப்பதென்றால் மேலூரின் அமைப்பே சரி. ஒரு குடும்பத்தின் தோட்டத்துக்குத் தேனி வழிதான். உலகமெங்கும் விற்கும் சிப் என்பதால் விலை மலிவு. ஒரு கிலோமீட்டருக்கு அந்த மென்பொருள் மாற்றமும் பெரும்பாலும் தேவைப்படாது.

திசை ஆன்டெனா புதிதாகச் சக்தி தருவதில்லை. சிதறுவதை ஒரு பக்கம் குவிக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் உரிமமில்லாமல் அனுப்ப, குவித்த பிறகான சக்திக்கு 4 வாட் வரம்பு உண்டு. 24 டிபிஐ அளவுக்குக் குவிக்கும் கம்பிவலைத் தட்டு ஆன்டெனா வைத்தால் ரவுட்டர் வெளியீட்டை 16 மில்லிவாட் அளவுக்கு இறக்க வேண்டும். வாங்கும் பக்கத்தில் இந்த வரம்பு குறுக்கே வராது. அதனால் பெரிய தட்டின் முழுப் பலனும் வாங்கும்போதுதான்.

நம் நிலம் தட்டையானது, மலை மறைப்பதில்லை. மறைப்பது சீமைக் கருவேலம். அலை நேர்கோட்டில் மட்டும் போகாமல் சுற்றிலும் கொஞ்சம் பரவுவதால், ஒரு கிலோமீட்டர் இணைப்பில் நடுவழியில், பார்வைக் கோட்டுக்குக் கீழே மூன்றரை மீட்டராவது காலியாக இருக்க வேண்டும். கண்மாய்க் கரை குறுக்கே வந்தால் அதன் உயரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தேனியில் கருவிகளை அதிகம் கெடுத்தது மின்சாரக் கோளாறு. மோட்டார் ஓடும் லைனிலேயே ரவுட்டரை மாட்டாமல், தனி ஸ்டெபிலைசரும் நல்ல எர்த்தும் முதலில் போடுங்கள், ஆன்டெனா அப்புறம்.